வலப்பக்கம் இருபத்திரண்டு சுற்று

சட்டசபைக்குப் புதிதாக ஜெயித்து வருகிறவர்களை ஓர் இடத்தில் உட்கார வைப்பது சபாநாயகருக்கே பெரும் பாடு. அன்று காலை அந்தப் பாடு ஒரு குமாஸ்தாவின் தலையில் விழுந்திருந்தது. உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வாங்கிப் புத்தகமாகத் தொகுப்பது அவர் வேலை. எல்லாருடைய குறிப்பும் அச்சகத்துக்குப் போய்விட்டது. விடுதியின் மூன்றாவது மாடியில் இருந்த இந்த ஒருவருடையதுதான் பாக்கி.

"ஐயா, பத்து நிமிஷம் உக்காந்தீங்கன்னா முடிச்சிடலாம்."

"நீங்க கேளுங்க. நின்னுக்கிட்டே சொல்றேன்."

அவர் நிற்கவும் இல்லை. ஜன்னலுக்குப் போனார், அங்கிருந்து கதவுக்கு வந்தார், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பதவியேற்று ஆறு நாள் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டையின் காலர் இன்னும் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் குப்புறக் கிடந்த செல்போன் விட்டு விட்டு உறுமியது. எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. அக்காதான். விடிந்ததிலிருந்து இது ஏழாவது தடவை.

"பிறந்த இடம்?"

"வெல்டிங் பட்டறைக்குப் பின்னால ஒரு ரூம்."

குமாஸ்தா ஊர்ப்பெயரை மட்டும் தானாகவே எழுதிக்கொண்டார். இப்படிப்பட்ட பதில்களை அவர் நிறையப் பார்த்தவர். "படிப்பு?"

"பத்தாவது."

"தேர்ச்சியா?"

"ரெண்டு தடவை போராடினேன்னு எழுதிக்குங்க."

'பத்தாம் வகுப்பு வரை' என்று எழுதிவிட்டுக் குமாஸ்தா சிரிப்பை மென்று விழுங்கினார். இந்தப் படிப்பும் அக்கா போட்டதுதான். அம்மா போனபோது இவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க உட்கார்ந்தாள். கால்மிதி வைத்த தையல் மெஷின். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் அந்தக் கடகடச் சத்தம் விளக்கேற்றிய பிறகும் கேட்கும். இவர் தின்ற சோறு, எழுதிய நோட்டு, தோற்ற பரீட்சைக்குக் கட்டிய கட்டணம், எல்லாம் அந்த மிதியில் வந்தவை.

"தொழில்?"

"வால்வு திறக்கிறது."

இதை மட்டும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொன்னார். இருபத்தெட்டு வருஷம் குடிநீர் வாரியத்தில் வால்வுக்காரர். தெருவில் ஒரு இரும்பு மூடி இருக்கும், அதன்மேல் நாம் தினமும் நடந்துபோவோம், கீழே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் நினைக்க மாட்டோம். மூடியைத் தூக்கினால் முழங்கை ஆழத்தில் வால்வின் தலை தெரியும். நெஞ்சுயர இரும்புச் சாவியை அதில் மாட்டி, காலை ஆறு மணிக்குத் திருப்பித் திறக்க வேண்டும், ஒன்பது மணிக்குத் திருப்பி மூட வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சுற்றுக் கணக்கு உண்டு. ஒன்றுக்குப் பதினாறு, இன்னொன்றுக்கு முப்பது. அவர் பகுதியில் மொத்தம் அறுபத்துமூன்று வால்வு. அத்தனையும் மனப்பாடம்.

தண்ணீர் குறைவாக வருகிறதென்று யார் வந்து முறையிட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "உங்களுக்கு அரைச்சுத்து கூட வச்சிருக்கேன், போங்க." அப்படியே அவருக்கு அரைச்சுத்து என்று பெயர் விழுந்தது. அந்த அரைச் சுற்றுகளில் பாதி வாயில் மட்டுமே சுற்றியவை என்பது அவருக்குத் தெரியும். கேட்டவர்கள் திருப்தியாகப் போனார்கள். அரசியலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கல்லூரியில் கிடைக்கும்? தேர்தலில் எதிர்த்து நின்ற கல்லூரி முதலாளி மேடைக்கு மேடை "அரைச்சுத்து, அரைச்சுத்து" என்று கேலி செய்தார். பெயரை அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆயிற்று. அறுநூற்றுப் பதினோரு ஓட்டில் அரைச்சுத்து ஜெயித்தார்.

"பொதுவாழ்வுக்கு வரக் காரணமாக இருந்த நிகழ்ச்சி?" என்று குமாஸ்தா அடுத்த வரிக்கு வந்தார். "இது எல்லாரும் விரும்பிப் படிக்கிற பகுதி ஐயா. மேட்டுத் தெருவுக்கு நாலு நாளா வராத தண்ணியை அஞ்சு நிமிஷத்துல கொண்டுவந்தீங்களாமே. உங்க துண்டறிக்கையிலயே இருந்தது. அதைப் போட்டுடட்டுமா?"

அரைச்சுத்து மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். போன் மறுபடியும் உறுமியது. இந்தத் தடவை எடுத்துவிட்டார்.

"ஆறு நாளாச்சுடா தம்பி," என்றாள் அக்கா. "தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. உனக்கு ஓட்டு கேட்டு இந்தக் காலை வச்சுக்கிட்டு வீடு வீடா ஏறினவ நான். இப்ப எல்லாரும் காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் வாசல்ல வச்சிட்டுப் போறாங்க. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லை. ஒண்ணும் பேசாம வச்சிட்டுப் போறாங்க."

"இஞ்சினியர்கிட்ட பேசிட்டேன்க்கா."

"அவர் பேச்சு ஆறு நாளா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நீ வாடா. நீ வந்து கை வச்சா வரும். அன்னைக்கு வந்த மாதிரி."

அக்கா போனை வைத்ததும் இஞ்சினியர் லைனில் வந்தார். ஐந்து மாதத்துக்கு முன்வரை இவரை "யோவ்" என்று கூப்பிட்டவர். இப்போது வார்த்தைக்கு வார்த்தை ஐயா. "தப்பு முழுக்க அந்தப் புது வால்வுக்காரம்மா மேலதான் ஐயா. தெனமும் திறந்தேன் திறந்தேன்னு சாதிக்கிறாங்க. சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆயிடுச்சு. நீங்க நேர்ல வந்தா உங்க முன்னாலயே குடுத்திடலாம், ஜனங்களுக்கும் ஒரு திருப்தி. நீங்க வர்ற வரைக்கும் மேல்நிலைத் தொட்டியையும் வால்வையும் மூட வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

அரைச்சுத்து செருப்பை மாட்டினார். பதினோரு மணிக்குச் சபை. அன்றுதான் முதன்முதலாக எழுந்து நான்கு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். அதை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. குமாஸ்தா தாளும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தார். "ஐயா, இன்னைக்கு அச்சகத்துக்குக் குடுக்கலைன்னா என் வேலைக்கே ஆபத்து. வண்டியில வச்சு முடிச்சிடலாமா?"

வண்டியிலும் முடியவில்லை. இரண்டு மணி நேரப் பயணம். அரைச்சுத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். குமாஸ்தா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்துவிட்டு உறங்கிப்போனார்.

மேட்டுத் தெருவில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவின் பழைய வால்வு உடைந்தது. ஸ்டோரில் புதிது இல்லை. மூலையில் கிடந்த வேறு ஜாதி வால்வு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். மற்ற வால்வெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். இது தலைகீழ். "பதிவேட்டுல எழுதிடுய்யா," என்றார் அன்றைய இஞ்சினியர். நாளைக்கு எழுதலாம் என்று இவர் வைத்திருந்தார். அந்த வாரமே இடமாற்றப் பட்டியல் வந்தது. கூட வேலை பார்த்தவர்களைத் திசைக்கு ஒருவராகத் தூக்கியடித்தார்கள். அக்காவை விட்டுவிட்டு எங்கே போவது என்று இவர் கலங்கினார். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெரிந்தவன் ஒருவன் இருந்தால் அவனை எப்படி மாற்றுவார்கள்? அப்படியே விட்டுவிட்டார்.

நான்கு வருஷம் கழித்துக் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு, அன்று காலை திறந்த வால்வை மூடக்கூட நிற்காமல் வெளியூர் போனார். மாற்றாள் ஒருவர் வந்தார், பாவம், ஒழுங்கான மனிதர். காலையில் இடப்பக்கம் இருபத்திரண்டு சுற்று திருப்பித் திறந்ததாக நினைத்தார், அது மூடிக்கொண்டது. ஒன்பது மணிக்கு வலப்பக்கம் திருப்பி மூடியதாக நினைத்தார், அது திறந்துகொண்டது. ஆனால் அதற்குள் தொட்டியை மூடிவிட்டிருப்பார்கள், குழாயில் வர ஒன்றும் இருக்காது. கைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் அந்த வால்வின் பொல்லாத்தனம்.

இரண்டாம் நாளே ஆபீசிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போன் வந்தது. 'வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்க' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொன்னால், ஏன் பதிவேட்டில் எழுதவில்லை என்று கேட்பார்கள். "நானே வந்து பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் அக்கா, கீழ்த்தெருக் குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தோரு படி ஏறும்போது வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால் சில்லு உடைந்தது. தையல் மெஷினை மிதிக்கிற கால்.

ஐந்தாம் நாள் இவர் வந்தார். வால்வுக்குமேல் குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு திருப்பினார். ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் வந்தது. தெருவே இவரைத் தூக்கிக்கொண்டாடியது. மாற்றாளை எங்கோ மலையோர ஊருக்கு அனுப்பினார்கள். 'இவரைப் பணிமாற்றம் செய்ய வேண்டாம்' என்று இவர் கோப்பில் எழுதப்பட்டது. பிறகு சங்கத்துக்குச் செயலாளர், பிறகு ஒரு சின்னக் கட்சி, பிறகு இந்த வெள்ளைச் சட்டை. பதவியேற்கும்வரை அவர் இடத்தில் ஆள் போடவில்லை. வாக்குக் கேட்கப் போகுமுன் தினமும் விடிகாலையில் தானே வந்து திறந்தார், ஒன்பது மணிக்குக் கூட்டத்தை நிறுத்திவிட்டு வந்து மூடினார். என்ன மனுஷன் பாருங்கள் என்று ஜனம் உருகியது. அதிலும் ஓட்டு விழுந்தது. பதவியேற்கக் கிளம்பிய அன்று மட்டும் திறந்த வால்வை அப்படியே விட்டுப் போனார்.

மனசு உறுத்தியது பொறுக்க முடியாமல்தான் அக்காவின் மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டிக் கொடுத்தார். அக்கா அதைப் பதினைந்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். "காலு போச்சேன்னு நான் கலங்கல. என் தம்பி இருக்கான்." இதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அங்கிருந்து எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். ஓரிடத்தில் உட்கார முடியாத வியாதி அப்போது பிடித்ததுதான்.

மேட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் குடங்கள் தெரிந்தன. பச்சை, நீலம், சிவப்பு, பிளாஸ்டிக்கும் தகரமுமாக அக்கா வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர்வரை வரிசை நீண்டிருந்தது. அக்கா நாற்காலியில் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் கூட்டத்தைப் பார்த்து, "சொன்னேன்ல, வருவான்னு," என்றாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அவரால் பார்க்க முடியவில்லை.

வால்வு மூடிக்குப் பக்கத்தில் வால்வுக்கார அம்மாள் நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைக்கு மேல் வாரியத்தின் ஒளிரும் மேலங்கி, கக்கத்தில் ஒரு நோட்டு. கையில் கவரோடு இஞ்சினியர் அவரைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"சார், காலைல இடப்பக்கம் இருபத்திரண்டு சுத்து. ஒன்பது மணிக்கு வலப்பக்கம் இருபத்திரண்டு, இன்னைக்கு மட்டும் மூடல. ஆறு நாளும் நேரத்தோட எழுதி வச்சிருக்கேன், பாருங்க. பதிவேட்டுல இந்த வால்வைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. ஆபீஸ்ல கேட்டேன், உங்களுக்குத்தான் தெரியும்னாங்க. உங்க நம்பருக்கு ரெண்டு தடவை அடிச்சேன், நீங்க எடுக்கல." அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்திருந்தது தெரிந்தது. "என்னை அனுப்புங்க சார். எங்க தப்புன்னு சொல்லிட்டு அனுப்புங்க."

"எதிர்த்துப் பேசாதீங்கம்மா," என்றார் இஞ்சினியர்.

அரைச்சுத்து சாவியை வாங்கினார். கூட்டம் மரியாதையாகப் பின்வாங்கி இடம் விட்டது. வேலை சுலபம். குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு, வலப்பக்கம் இருபத்திரண்டு. தண்ணீர் வரும், கைதட்டுவார்கள், அந்த அம்மாள் கவரை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவார், அக்கா சாகும்வரை பெருமையாக இருப்பாள். அவர் சாவியை மாட்டினார், திருப்பினார். அரைச் சுற்று போயிருக்கும். கை அதற்குமேல் ஓடவில்லை.

நிமிர்ந்து, "இங்க வாம்மா," என்றார். "நீ திருப்பு. வலப்பக்கம்."

"வலப்பக்கம் திருப்பினா மூடும் சார்."

"இது திறக்கும்."

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாவியைப் பிடித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணிக்கொண்டே திருப்பினார். பதினைந்தாவது சுற்றில் பக்கத்து வீட்டுக் குழாய் இருமியது. காற்றைக் கக்கியது, துருத் தண்ணீரைத் துப்பியது, இருபத்திரண்டில் சீராக ஊற்ற ஆரம்பித்தது. குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் தெருவெங்கும் எழுந்தது.

"ஐயாவோட கைராசி..." என்று இஞ்சினியர் தொடங்கினார்.

"கைராசி இல்லை. இந்த வால்வு தலைகீழ். பத்தொன்பது வருஷமா எனக்குத் தெரியும். நான்தான் எழுதல."

"ஐயா பெருந்தன்மையா அந்தம்மாவைக் காப்பாத்துறாங்க," என்று இஞ்சினியர் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்.

"யோவ்," என்றார் அரைச்சுத்து. இத்தனை வருஷம் வாங்கியதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது அவருக்கே பிறகுதான் உறைத்தது. "பெருந்தன்மை இல்லய்யா, பயம். எழுதினா என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்கன்னு பயம். அந்தக் கவரைக் கிழிச்சுப் போடு."

கூட்டம் கசகசவென்றது. குடத்தோடு நின்ற ஒருவர், "இவருக்கா நாம ஓட்டுப் போட்டோம்," என்றார், மறைக்காமல். அரைச்சுத்துக்கு அது காதில் விழுந்தது, ஆனால் அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்துப் பக்கத்தில் வந்தாள்.

"அன்னைக்கு நாலு நாளும் இதேதானா?"

"இதேதான்க்கா."

"கல்யாண வீட்டுக்குப் போன் வந்ததே."

"வந்துச்சு. ரெண்டாம் நாளே வந்துச்சு. சொல்லியிருக்கலாம். சொல்லல."

அக்கா திட்டியிருக்கலாம், ஓர் அறை விட்டிருக்கலாம். சின்ன வயதில் அதற்கெல்லாம் அவள் யோசித்ததே கிடையாது. இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஊற்றுகிற குழாயைப் பார்த்தாள். அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

வால்வுக்கார அம்மாள் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து மேட்டுத் தெருப் பக்கத்தைப் பிரித்தார். "நான் எழுதினா நான் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும் சார். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க." குமாஸ்தா தன் பேனாவைக் கழற்றி நீட்டினார். அவருடைய படிவத்தில் பொதுவாழ்வுக்கு வந்த காரணம் என்ற அந்த ஒரு வரி இன்னும் காலியாகவே இருந்தது, அவரும் கேட்கவில்லை.

அன்று முதன்முறையாக அரைச்சுத்து நிலையாக உட்கார்ந்தார். நாற்காலி தேடாமல் தெருவிலேயே, வால்வு மூடிக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டி ஈரத்தில் நனைய உட்கார்ந்தார். மடியில் பதிவேட்டை வைத்து எழுதினார். 'வலப்பக்கம் இருபத்திரண்டு சுற்று, திறக்கும். இடப்பக்கம் இருபத்திரண்டு சுற்று, மூடும்.' வால்வு மாற்றிய தேதியை எழுதினார். எழுதாமல் விட்டது யார் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

தலைக்குமேல் நிழல் விழுந்தது. அக்கா குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"குறிப்புன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே," என்றாள்.

"ஆமாக்கா."

"அதுல என் முழங்காலை எழுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த நாள், எத்தனையாவது படி, எந்தக் கால் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஏறியது. கடைசிவரை படித்துப் பார்த்த பிறகுதான் அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு, வரிசையில் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றாள்.